சட்ட நூலகருக்காக யார் வாதாடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீதிமன்றம், சட்டக் கல்லூரி, வழக்கறிஞர் சங்கம், பெரிய சட்ட அலுவலகம் ஆகியவற்றின் நூலகங்களில் வேலை பார்ப்பவர்களும், அந்த வேலைக்கு வர நினைக்கும் நூலகவியல் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. ஊரிலுள்ள வழக்கறிஞர்களுக்கெல்லாம் வாதத்துக்கு வேண்டிய தீர்ப்பைத் தேடி எடுத்துக் கொடுக்கும் நாம், நமக்கென்று வாதாட வேண்டிய நேரத்தில் வாயடைத்து நிற்கிறோம். அந்தக் கோபமும் சில பதில்களில் தெரியும்.

சட்ட நூலகராக வருவதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டுமா?

இந்தியாவில் அப்படிக் கட்டாயம் இல்லை. நூலகவியல் பட்டம்தான் அடிப்படை. பல்கலைக்கழகம், கல்லூரி ஆகியவற்றில் உதவி நூலகர் பணி என்றால் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். உரிய விதிமுறைப்படி முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு நெட் தேவையில்லை. நீதிமன்ற நூலகங்கள் தத்தம் பணி விதிகளின்படி ஆள் எடுக்கின்றன. அமெரிக்கச் சட்டப் பள்ளிகளில் பல பதவிகளுக்குச் சட்டப் பட்டம், நூலகவியல் பட்டம் இரண்டையும் கேட்கிறார்கள்.

நான் எல்.எல்.பி. படித்தவனல்லன். ஆனால் எந்த நீதிமன்றத்தின் தீர்ப்பு யாரைக் கட்டுப்படுத்தும், சட்டம் எது விதி எது, சட்டம் நிறைவேறிய நாளும் நடைமுறைக்கு வந்த நாளும் ஏன் வேறாக இருக்கின்றன என்பவற்றைக் கற்காமல் இந்த மேசையில் ஒரு மாதம்கூட உட்கார முடியாது.

வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் எதைக் கற்பது?

சைட்டேஷன் படிக்க, அதாவது ஒரு தீர்ப்பு எந்த ஆண்டின் எந்தத் திரட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும் குறிப்பைப் படிக்க. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. தீர்ப்புத் திரட்டுகளில் ஐ.எல்.ஆர். மெட்ராஸ் வரிசை 1876இல் தொடங்கியது, மெட்ராஸ் லா ஜர்னல் 1891இல். உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் திரட்டான எஸ்.சி.ஆர். 1950 முதல், எஸ்.சி.சி. 1969 முதல். ஒரே தீர்ப்பு நான்கு திரட்டுகளில் நான்கு எண்களோடு இருக்கும். எந்த ஆண்டில் எந்தத் திரட்டு இருந்தது என்று தெரிந்தாலே தவறான சைட்டேஷன்களில் பாதியைப் பார்த்தவுடன் பிடித்துவிடலாம். 1962 எஸ்.சி.சி. என்று யாராவது சீட்டில் எழுதிக் கொடுத்தால், அலமாரிக்குப் போக வேண்டியதே இல்லை.

அடுத்தது, சட்டம் மாறும்போது கூடவே மாறுவது. 2024 ஜூலையில் ஓர் இளம் வழக்கறிஞர் மூச்சு வாங்க வந்து, “சார், 482இல் சமீபத்திய தீர்ப்பு ஒன்று வேண்டும்” என்றார். “பழைய 482ஆ, புதிய 482ஆ?” என்று கேட்டேன். விழித்தார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்பது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். வழக்கையே ரத்து செய்யக் கோருபவர்கள் அதன் கீழ்தான் மனுப் போடுவார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே 482 முன்ஜாமீனுக்கு உரியது. முன்ஜாமீன் பழைய சட்டத்தில் 438. உள்ளார்ந்த அதிகாரம் இப்போது 528க்குப் போய்விட்டது. அவர் வராந்தாவுக்குப் போய்ச் சீனியரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டு வந்து, “புதியது சார்” என்றார், கொஞ்சம் சிரித்துக்கொண்டே.

அன்று மாலையே பழைய பிரிவு, புதிய பிரிவு என்று இரண்டு பத்தி போட்டு ஒரே தாளில் அச்சடித்து, லேமினேட் செய்து மேசையில் வைத்தேன். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் கொலைக் குற்றத்துக்கான தண்டனை 302, அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இனி 103. மோசடிக்கு 420, இனி 318(4). நாம் ஒருவரைத் திட்டுவதற்கே பயன்படுத்தும் எண் அது; 318(4) அப்படி வசையாகத் தேறும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தாள் எத்தனை முறை காணாமல் போனது என்று கணக்கில்லை. பிறகு கயிறு கட்டி வைத்தேன்.

பணியில் இருப்பவர்களுக்குப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

கல்லூரி, பல்கலைக்கழக நூலகர்களுக்குப் புத்தொளிப் பயிற்சி இருக்கிறது. இப்போது மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்ற பெயரில் நடக்கிறது. பதவி உயர்வுக்கும் அது தேவை. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட், டெல்லியில் உள்ள டெல்நெட் என்ற நூலக வலையமைப்புகள் இரண்டும் மென்பொருள், மின்வளம் தொடர்பான பயிற்சிகள் நடத்துகின்றன. சங்கங்கள் என்று பார்த்தால் 1928இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கம், 1933இல் தொடங்கிய இந்திய நூலகச் சங்கம், சிறப்பு நூலகங்களுக்காக 1955இல் தொடங்கிய இயாஸ்லிக் என்று நீண்ட வரலாறு உண்டு.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இவற்றில் பெரும்பாலானவை பொதுவான நூலகப் பயிற்சிகள். அரசிதழில் ஓர் அறிவிக்கையைத் தேடுவது எப்படி, ஒரு பிரிவின் திருத்த வரலாற்றைப் பின்னோக்கிப் பிடிப்பது எப்படி என்று அங்கே யாரும் சொல்லித் தர மாட்டார்கள். நீதிமன்ற நூலகப் பணியாளர்கள் யு.ஜி.சி. வட்டத்துக்கு வெளியே இருப்பதால் அவர்களுக்கு அந்தப் பொதுப் பயிற்சிக்கும் வழி குறைவு. எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆசிரியர் ஒரு மூத்த வழக்கறிஞரின் குமாஸ்தா. எந்தத் தாள் எந்தக் கட்டில் இருக்கும், எந்தத் தேதிக்கு எது நடைமுறையில் இருந்தது என்பதையெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தார். அப்படிப்பட்டவர் பக்கத்தில் இருந்தால் தேநீர் வாங்கிக் கொடுத்தாவது கற்றுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு அமைப்புகளில் சேர்வதால் பயன் உண்டா?

உண்டு, என்ன எதிர்பார்ப்பது என்று தெரிந்து சேர்ந்தால். அமெரிக்கச் சட்ட நூலகங்களின் சங்கம் 1906இல் தொடங்கியது. 1908 முதல் தனக்கென்று ஓர் ஆய்விதழ் நடத்துகிறது. பிரிட்டன், அயர்லாந்து சட்ட நூலகர்களுக்கு பியால் என்ற சங்கம், 1969 முதல். நம்மைப் போன்றவர்களுக்கு நெருக்கமானது 1959இல் தொடங்கிய பன்னாட்டுச் சட்ட நூலகங்கள் சங்கம். அது ஆண்டுதோறும் ஒரு நாட்டில் கூடி அந்த நாட்டுச் சட்ட முறையைப் பாடமாக நடத்துகிறது. 2007இல் மும்பையில் நடந்தது. உலக நூலகக் கூட்டமைப்பான இஃப்லாவிலும் சட்ட நூலகங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

அங்கெல்லாம் போகப் பணம்?

கைக்காசு போட்டுப் போக வேண்டாம். பன்னாட்டுச் சங்கம் ஆண்டுப் பாடத்துக்கு வர உதவித்தொகை தருகிறது. அமெரிக்கச் சங்கத்தில் வெளிநாட்டுச் சட்ட நூலகர்களுக்கென்றே ஷேஃபர் பெயரில் ஒரு நல்கை இருக்கிறது. விண்ணப்பத்தில் நீங்கள் செய்த ஒரு வேலையை விரிவாக எழுதுங்கள். “நூலகத் துறையில் ஆர்வம் கொண்டவன்” என்று தொடங்கும் விண்ணப்பத்தை யாரும் இரண்டாம் பத்திவரை படிப்பதில்லை.

நூலகருக்கு வாதாடும் வேலை என்ன இருக்கிறது? அது சங்கத் தலைவர்கள் பார்க்க வேண்டியது அல்லவா?

இந்தக் கேள்விதான் என்னிடம் அதிகம் வருகிறது. பதிலுக்கு ஓர் எடுத்துக்காட்டு.

அமெரிக்க மாநிலங்கள் சில அச்சுப் பதிப்பை நிறுத்திவிட்டுச் சட்டங்களை இணையத்தில் மட்டும் வெளியிடத் தொடங்கின. இணையத்தில் இருக்கும் அந்தப் பக்கம்தான் உண்மையான சட்டம், யாரும் நடுவில் மாற்றவில்லை என்பதற்கு என்ன உறுதி? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு அமெரிக்கச் சட்ட நூலகங்களின் சங்கம் மாநிலம் மாநிலமாகப் போய்ச் சோதித்து, 2007இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இணையப் பதிப்புகள் நம்பத்தக்க அளவுக்குப் பாதுகாக்கப்படவில்லை என்றது அந்த அறிக்கை. அதே ஆண்டு எல்லாத் தரப்பையும் கூட்டி வைத்துப் பேசினார்கள். 2011இல், மின்வடிவச் சட்ட ஆவணங்களை உறுதிப்படுத்தவும் பாதுகாக்கவும் மாதிரிச் சட்டம் ஒன்று வந்தது. 2012இல் கொலராடோ முதலில் ஏற்றது. பிறகு வேறு பல மாநிலங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

அவர்கள் ஊர்வலம் போகவில்லை. ஒவ்வொரு மாநிலத்தின் தளத்தையும் திறந்து பார்த்து, குறித்து, அட்டவணை போட்டார்கள். நூலகருக்கு அன்றாடம் பழகிய வேலைதான்.

நம் ஊரிலும் முன்னோடி உண்டு. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. இலவசப் பொது நூலகத்துக்குச் சட்டம் வேண்டும் என்று அவரும் சங்கமும் விடாமல் கேட்டார்கள். மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. இருபது ஆண்டு!

அரசு ஊழியராக இருந்துகொண்டு இப்படியெல்லாம் பேசலாமா?

கவனம் தேவை. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973, அரசை வெளிப்படையாக விமர்சிப்பதற்குத் தடை போடுகின்றன. உங்கள் பெயரில் பத்திரிகையில் வசைபாடாதீர்கள். ஆனால் மேலதிகாரிக்குக் குறிப்பு அனுப்புவதற்கும், நூலகக் குழுவில் ஆவணம் வைப்பதற்கும், சங்கத்தின் வழியாக மனுக் கொடுப்பதற்கும் தடை இல்லை. வழக்கறிஞர் சங்கத்திடம் விவரத்தை எடுத்துச் சொன்னால், நீங்கள் ஓராண்டு அலைந்து பெற முடியாததை அவர்கள் ஒரு தீர்மானம் போட்டுப் பெற்றுவிடுவார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே பொது அதிகார அமைப்புகள் வெளியிட வேண்டியவற்றைச் சொல்கிறது. ஒரு துறையின் தளத்தில் விதிகள் பழையனவாகவே கிடந்தால், அந்தப் பிரிவை மேற்கோள் காட்டி ஒரு பணிவான கடிதம் போதும்.

தீர்ப்புகளுக்குக் காப்புரிமை உண்டா? நகல் எடுத்துக் கொடுத்தால் சிக்கல் வருமா?

தீர்ப்பு பொதுச் சொத்து. காப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52(1)(கியூ) அதைத் தெளிவாகச் சொல்கிறது, நீதிமன்றமே வெளியிடத் தடை விதித்திருந்தால் தவிர. எஸ்.சி.சி. திரட்டை வெளியிடும் ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி.மோடக் வழக்கில் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கோட்டை இன்னும் துல்லியமாகப் போட்டது. எழுத்துப் பிழை திருத்துவது போன்ற சில்லறைத் திருத்தங்களால் பதிப்பாளருக்குத் தீர்ப்பின்மேல் உரிமை வந்துவிடாது. ஆனால் பத்திகளைப் பிரித்து எண் கொடுத்தது, எந்த நீதிபதி ஒத்துப்போனார், யார் மாறுபட்டார் என்று குறித்தது போன்றவற்றில் பதிப்பாளரின் மூளையும் உழைப்பும் இருப்பதால் அவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. தீர்ப்பின் தொடக்கத்தில் சுருக்கமாக வரும் தலைக்குறிப்பு பதிப்பாளருடையது.

விந்தை இனிமேல்தான். அதே 52ஆம் பிரிவின்படி, சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை மறுபதிப்புச் செய்ய வேண்டுமென்றால், விளக்கவுரையோ வேறு சொந்த எழுத்தோ சேர்த்து வெளியிட வேண்டும். அதாவது நீதிபதி எழுதியது தனியாக வெளிவரலாம், மக்கள் பிரதிநிதிகள் இயற்றியது துணையில்லாமல் வெளியே போகக் கூடாது. குடிமகனைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் குடிமகன் நகல் எடுக்க ஏன் நிபந்தனை? மத்திய அரசே இந்தியா கோட் தளத்தில் சட்டங்களை இலவசமாக வைத்திருக்கும் காலத்தில் இந்த நிபந்தனைக்கு என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை. சட்ட நூலகர்கள் சேர்ந்து ஒரே ஒரு கோரிக்கை வைப்பதென்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

அமெரிக்காவில் இது உச்ச நீதிமன்றம்வரை போய், 2020 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. ஜார்ஜியா மாநிலம் தன் அதிகாரபூர்வச் சட்டத் தொகுப்பின் குறிப்புரைகளுக்குக் காப்புரிமை கோரியது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மாநிலம் தோற்றது.

எல்லாம் இணையத்தில் இலவசமாக இருக்கிறதே, நூலகத்துக்கு எதற்குப் பணம்?

நிர்வாகக் குழுவில் யாராவது ஒருவர் இதைக் கேட்காத ஆண்டே கிடையாது. முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைப்பது உண்மையிலேயே கூடியிருக்கிறது. 2008இல் வந்த இந்தியன் கானூன் தளம் தீர்ப்புத் தேடலை எல்லாருக்கும் பொதுவாக்கியது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இ-எஸ்.சி.ஆர். மூலம் சுமார் 34,000 தீர்ப்புகளை அதிகாரபூர்வத் திரட்டின் வடிவிலேயே இலவசமாக்கியது. அதே ஆண்டு, பதிப்பாளரைச் சாராத நடுநிலை மேற்கோள் எண்ணும் வந்தது. இவையெல்லாம் நமக்கு வெற்றி. இவற்றை எதிரியாகப் பார்க்கும் நூலகர்களைக் கண்டால் எனக்கு வருத்தம்தான்.

பிறகு நோட்டை எடுங்கள். என் மேசையில் நீள நோட்டு ஒன்று இருக்கும். தேதி, கேட்டவர் வழக்கறிஞரா மாணவரா, என்ன கேட்டார், எங்கே கிடைத்தது, எத்தனை நிமிடம் ஆனது: ஐந்து பத்தி. பெயர் எழுதுவதில்லை, யார் எந்த வழக்குக்குத் தேடுகிறார் என்பது ரகசியம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், யாரும் பார்ப்பதில்லை என்று ஒரு தரவுத்தளத்தின் சந்தாவை நிறுத்தச் சொன்னார்கள். நோட்டைக் கொண்டுபோய் “எங்கே கிடைத்தது” என்ற பத்தியை மட்டும் விரலால் ஓட்டிக் காட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் அந்தத் தரவுத்தளத்தின் பெயர்தான். கணக்கு அதிகாரி நோட்டை வாங்கி இரண்டு பக்கம் புரட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. சந்தா தொடர்ந்தது. அதே கூட்டத்தில், நோட்டில் ஒருமுறைகூட இடம்பெறாத ஓர் இதழை நானே நிறுத்தச் சொன்னேன். அதனால்தான் மற்றதை நம்பினார்கள் என்பது என் கணிப்பு.

ஒரே நாடு ஒரே சந்தா வந்த பிறகு சிக்கல் தீர்ந்துவிட்டதா?

ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் திட்டம் அது, 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்றது. மூன்று ஆண்டுக்கு ரூ.6,000 கோடி, 30 பதிப்பாளர்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். பயன் பெறுபவை அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். தனியார் சட்டக் கல்லூரியும் வழக்கறிஞர் சங்க நூலகமும் அந்தக் கணக்கில் இல்லை. பன்னாட்டு ஆய்விதழ் வேறு, நாளைக் காலை வழக்குக்குத் தேவைப்படும் தீர்ப்புத் திரட்டு வேறு என்பதையும் நிர்வாகத்துக்குச் சொல்லிப் புரியவையுங்கள்.

செயற்கை நுண்ணறிவு நம் வேலையைப் பறித்துவிடுமா?

நியூயார்க்கில் ஒரு பயணி, விமானப் பணியாளர் தள்ளிவந்த வண்டி முழங்காலில் இடித்தது என்று ஏவியாங்கா நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார். அவருடைய வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி சொன்ன முன்தீர்ப்புகளை அப்படியே மனுவில் எழுதினார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புகளே உலகத்தில் கிடையாது. 2023 ஜூனில் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில், மாவட்ட நீதித்துறையில் இந்தக் கருவிகளை எப்படிப் பயன்படுத்தலாம் என்று கொள்கையே வெளியிட்டுவிட்டது.

இந்தச் சைட்டேஷன் உண்மையா, தீர்ப்பு இன்னும் நிற்கிறதா, மேல்முறையீட்டில் கவிழ்ந்துவிட்டதா என்று பார்ப்பது நம் பழைய தொழில். இளம் வழக்கறிஞர்களுக்கு அரை மணி நேர வகுப்பு வையுங்கள். ஏவியாங்கா கதையிலிருந்து தொடங்கினால் யாரும் கைபேசியைப் பார்க்க மாட்டார்கள்.

பொதுமக்கள் வந்து தங்கள் வழக்கைப் பற்றிக் கேட்டால்?

சட்டத்தை எடுத்துக் காட்டலாம், “உங்கள் வழக்கில் இப்படிச் செய்யுங்கள்” என்று சொல்லக் கூடாது. பட்டாவில் பெயர் மாற்றம் பற்றிக் கேட்ட ஒரு மூதாட்டியிடம், “பாட்டி, புத்தகத்தில் இருப்பதைக் காட்டுவேன், வக்கீல் மாதிரி பேச மாட்டேன்” என்றேன். “அப்போ நீ எதுக்குப்பா இங்க உட்கார்ந்திருக்க?” என்றார். கேள்வி நியாயமானதுதான். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் முகவரியையும் 15100 என்ற உதவி எண்ணையும் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

தமிழில் சட்டம் கிடைக்க நூலகர் என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு, ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்திய 1976ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவும் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு வெளிவருகின்றன. இருப்பவை சிதறிக் கிடப்பதுதான் சிக்கல். தமிழில் கிடைக்கும் சட்டங்கள், தீர்ப்புகளுக்கு மட்டும் ஒரு தனிப் பட்டியல் போட்டு வாசலில் ஒட்டுங்கள். தமிழ்வழி படித்துவிட்டு வந்த முதலாண்டு மாணவர் அதைத்தான் முதலில் படிப்பார்.

ஆய்விதழில் எழுத வேண்டுமா?

பதவி உயர்வுக்கு வேண்டுமானால் எழுதுங்கள். படிப்பவருக்குப் பயன்பட வேண்டுமானால், நீங்கள் தீர்த்த ஒரு கடினமான தேடலை மூன்று பக்கத்தில் எழுதுங்கள். “இணையக் காலத்தில் நூலகங்களின் பங்கு” என்ற தலைப்பில் இனி ஒரு கட்டுரைகூட உலகத்துக்குத் தேவையில்லை.

புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. இந்திய தண்டனைச் சட்ட நூல்களைக் கழித்துவிடலாமா?

கூடாது. 2024 ஜூலை 1க்கு முன்பு நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். அந்த வழக்குகள் விசாரணை, மேல்முறையீடு என்று இன்னும் பல ஆண்டு நடக்கும். ஒரே பதிப்பில் ஐந்து பிரதி இருந்தால் மூன்றைக் கொடுத்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு பதிப்பிலும் ஒன்றாவது இருக்கட்டும். குற்றம் நடந்த நாளில் பிரிவு எப்படி இருந்தது என்று கேட்டுத்தான் ஆள் வருவார்கள். திருத்தச் சீட்டு ஒட்டிய பிரதிகளைத் தொடவே தொடாதீர்கள். ஒட்டியவர் ஓரத்தில் பென்சிலால் தேதி எழுதியிருப்பார்.